வயது கேட்கிற கடை

"அண்ணன், ஐஸ் விக்கிறவன் பிள்ளையிட்ட வயசு கேக்க மாட்டான். கடை வச்சு விக்கிறவன் கேப்பான். அப்ப எது பிள்ளைக்குப் பாதுகாப்பு?" கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தப்பா மகன் இப்படிக் கேட்டான். அம்மன் கோயில் சடங்கு முடிந்து முற்றத்தில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கிழமைதான் பக்கத்து ஊரில் ஏஎல் (உயர்தரம்) படிக்கிற ஒரு பையனை ஐஸ் என்கிற மெதம்பெட்டமின் போதைப்பொருளோடு பிடித்திருந்தார்கள். முற்றத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் விற்கிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்ற பக்கம். போதைப்பொருளைச் சட்டமாக்கிக் கடையில் விற்க விடலாம் என்று இவன் ஒருத்தன்தான் மறுபக்கம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி கஞ்சாவைச் சட்டமாக்கினார்கள், ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் குறைந்தவனுக்குக் கடைக்காரன் கொடுக்க மாட்டான், அடையாள அட்டை காட்ட வேண்டும், அதனால் நாடு ஒன்றும் அழிந்துபோகவில்லை என்றான். அவன் சொன்னதை அங்கே யாரும் ஏற்கவில்லை. ஆனால் நேராக ஒரு பதிலும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் திரும்பிப் போய் மாதக்கணக்காகிறது. கேள்வி மட்டும் போகவில்லை.

எனக்கு அது போகாததற்குக் காரணம் இருக்கிறது. நான் பாமசி நடத்துகிறவன். மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் கடை. பெரியகல்லாறிலிருந்தும் வருவார்கள், மருதமுனையிலிருந்தும் வருவார்கள், குருமண்வெளியில் படகுப்பாதை ஏறி மண்டூர்ப் பக்கத்துச் சனமும் வரும். மருந்து விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும். சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் தொங்க வேண்டும். எதை டொக்டரின் மருந்துத் துண்டில்லாமல் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பட்டியல் உண்டு. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று சில மருந்துகளுக்குப் பதிவும் உண்டு. போதைப்பொருளைச் சட்டமாக்கி ஒழுங்காக விற்கிற கடை என்று தம்பி மனதில் வைத்திருந்தது ஏறக்குறைய என் கடையைத்தான். அந்த வயது கேட்கிற ஆள் நான்தான். அதனால் இந்தக் கேள்விக்கு மேடையிலோ பத்திரிகையிலோ வருகிற பதில் எனக்குப் போதாது. என் கவுண்டரில் நான் பார்க்கிறதைக் கொண்டுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

துண்டு இருக்கிறது, சீல் எங்கே அடிப்பது

பிரிகாபலின் என்றொரு கப்சூல். நீரிழிவால் கால் நரம்பு எரிகிறவர்களுக்கும், சில வகை வலிப்புக்காரருக்கும் டொக்டர்மார் எழுதுவார்கள். நல்ல மருந்து. இரவு முழுக்கக் கால் எரிந்து நித்திரை இல்லாமல் கிடந்த ஒரு ஆச்சிக்கு அது என்ன செய்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே கப்சூலை நாலைந்து ஒன்றாகப் போட்டால் தலை மிதக்கும் என்று எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிறது. சாராயத்தோடோ வலிக்குக் கொடுக்கிற டிரமடோலோடோ சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. இந்த நாட்டில் துண்டில்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது. சட்டம் தெளிவு. ஆனால் மருந்து சட்டவிரோதமானதில்லை, உரிமம் பெற்ற கடையில் வெளிச்சத்தில் விற்கிற சரக்கு.

அது எப்படிப் பிள்ளைகளின் கைக்குப் போகிறது? ரியூசன் முடிகிற நேரம் ஒரு பையன் வருவான். அம்மம்மாவுக்கு மருந்து என்பான். துண்டைக் கேட்டால் போனை நீட்டுவான், வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. டொக்டரின் பெயர் இருக்கும், கையொப்பமும் இருக்கும், எல்லாம் சரியாக இருக்கும். காகிதத் துண்டாக வந்தால் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சீல் அடித்துவிடுவோம். பிறகு அதே துண்டோடு அடுத்த கடைக்குப் போக முடியாது. போட்டோவுக்கு எங்கே சீல் அடிப்பது? நான் கொடுக்காமல் அனுப்பிய பையன் அடுத்த சந்தியில் வாங்கிக்கொண்டு என் கடை முன்னாலேயே சைக்கிளில் போவான். அங்கே சான்றிதழ் சுவரில் தொங்கும், சான்றிதழுக்கு உரிய மருந்தாளர் கடையில் இருக்க மாட்டார். சம்பளத்துக்கு நிற்கிற இருபது வயதுப் பொடியன், "இன்றைக்கு விற்பனை குறைந்தால் முதலாளி ஏசுவார்" என்ற யோசனையில் நிற்பான். ஒரு கார்டு கப்சூலை வாங்கி வெளியே ஒவ்வொன்றாக விற்றால் வாங்கின விலைக்குப் பல மடங்கு வரும். வாங்குகிற பையனுக்கும் லாபம், கொடுக்கிற கடைக்கும் லாபம். இடையில் நிற்கிற சட்டத்துக்கு ஒரு சீலும் ஒரு பதிவுப் புத்தகமும்தான் கையிருப்பு.

ஆகவே கடைக்காரன் வயது கேட்பான் என்று தம்பி சொன்னபோது என் முகத்தில் ஒரு தயக்கம் வந்திருக்கும், அதை அவன் இருட்டில் கண்டிருக்க மாட்டான். கேட்கிற கடைக்காரர்கள் இருக்கிறோம். கேட்பதால் நட்டப்படுகிறோம். கேட்காதவனுக்குத் தண்டனை எப்போதாவது வரும், லாபம் நாள்தோறும் வரும். ஒன்ராறியோவில் கடைக்காரன் அட்டை கேட்கிறான் என்றால் அவன் நம்மைவிட நல்லவன் என்பதற்காக இல்லை. கேட்காவிட்டால் அடுத்த மாதமே உரிமம் போய்விடும் என்ற பயம் அங்கே உண்மையாக இருக்கிறது. இங்கே அந்தப் பயம் இல்லை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாராயத்தையும் பார்க்கலாம். அது ஏற்கெனவே சட்டமாக்கப்பட்ட போதைதானே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ புகையிலையோ விற்கக் கூடாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு தவறணை வாசலில் மாலை நேரம் நின்று பாருங்கள், அந்த 21 எங்கே இருக்கிறது என்று. பிள்ளை தானே வாங்கிக் குடிப்பதைவிட, தகப்பன் வாங்கிக் குடிப்பதால்தான் பெரும்பாலான பிள்ளைகள் அழிகிறார்கள். வயல் கூலி அங்கேயே நின்றுவிடும். வீட்டில் நுண்கடன் கிழமைத் தவணைக்கு ஆள் வந்து நிற்கும். அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும். இதில் சட்டவிரோதமானது ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு போத்தலுக்கும் அரசாங்கம் வரி வாங்கியிருக்கிறது.

சட்டமாக்கினால் கள்ள வியாபாரம் ஒழியும் என்றும் சொல்வார்கள். எங்கள் பக்கம் சாராயமும், களவாக வடிக்கிற கசிப்பும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கையில் காலம் காலமாகச் சேர்ந்து வாழ்கின்றன. வரியைக் கூட்டினால் கூலிக்காரன் கசிப்புக்குப் போகிறான். வரியைக் குறைத்தால் சாராயத்தைக் கூடக் குடிக்கிறான். உரிமம் பெற்ற வியாபாரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வளர்ந்தே தீர வேண்டும். கல்குடாவில் எதனோல் தொழிற்சாலை கட்டினார்களே, 2017இல் அதைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டதும், அதற்கு எதிராக மாவட்டச் சனம் வீதிக்கு இறங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மது எதிர்ப்பில் முன்னுக்கு நிற்கும் பெண்கள் அந்தப் போராட்டத்தில் சொன்னது, இந்த மாவட்டத்தில் இருக்கிற போத்தல் போதும் என்பதுதான். கசிப்பு வடிக்கிறவனை எதிர்த்து ஊர் எழும்பினால் அவன் ஓடிவிடுவான். கையில் அனுமதிக் கடிதம் வைத்திருக்கிறவன் ஓட மாட்டான், சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு வருவான்.

புகையிலை இதற்கு எதிரான சாட்சி, அதையும் சொல்ல வேண்டும். சிகரெட் சட்டப்படிதான் விற்கப்படுகிறது. ஆனால் விளம்பரம் இல்லை, பெட்டியில் அழுகின புண்ணின் படம், விலை மேல் விலை. என் சின்ன வயதில் சிகரெட் பிடிக்காத ஆம்பிளையைத் தேட வேண்டும். இன்று என் மகனின் வயதுப் பொடியன்களில் பிடிக்கிறவன் குறைவு. இது அரசாங்கம் ஒன்றை விற்க விட்டுக்கொண்டே மெல்லக் குறைக்கலாம் என்பதற்கு உதாரணம். அதற்கு எத்தனை பத்தாண்டு எடுத்தது, இடையில் எத்தனை பேர் புற்றுநோயில் போனார்கள் என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறை முழுக்கப் பழகின பிறகு குறைப்பதைவிட, பழகாமல் வைத்திருப்பது சுலபம்.

கனடாவில் நடந்தது

தம்பி சொன்னதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனமில்லை, அதனால் தேடிப் படித்தேன். அவன் சொன்னதில் பாதி சரி. சட்டமாக்கின பிறகு கனடாவில் பள்ளிப் பிள்ளைகள் திடீரென்று கூட்டம் கூட்டமாகக் கஞ்சாவுக்குப் போய்விடவில்லை. அமெரிக்காவில் கொலராடோவில் 2014இல் கடைகள் திறந்தபோதும் எல்லோரும் பயந்த அளவுக்குப் பதின்ம வயதினரிடம் பாவனை ஏறவில்லை. கெட்டது வேறு வாசலால் வந்தது. கனடாவில் கஞ்சா கலந்த இனிப்பு, சொக்லேட், பிஸ்கட் எல்லாம் கடைக்கு வந்த பிறகு, அதை மிட்டாய் என்று நினைத்துத் தின்று ஆஸ்பத்திரிக்கு வருகிற சின்னப் பிள்ளைகளின் தொகை கூடியது. இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகள். அங்கேயே கியூபெக் மாகாணம் அப்படியான இனிப்புகளை விற்க விடவில்லை. விற்பனையையும் மாகாண அரசே தன் கையில் வைத்துக்கொண்டது, 2020இல் வயதை 21க்கு உயர்த்தியது. இனிப்பை விற்க விட்ட மாகாணங்களில் நடந்த அளவுக்குக் கியூபெக்கில் குழந்தைகள் பாதிக்கப்படவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு மதன மோதகம் ஞாபகம் வந்தது. கஞ்சா சேர்த்த ஆயுர்வேத உருண்டை. ஆயுர்வேதத்தில் அதற்கு இடமிருக்கிறது, அதனால் அதற்கு ஒரு மரியாதையும் இருக்கிறது. அந்த மரியாதையைப் போர்த்திக்கொண்டு பாடசாலைக்கு முன்னால் பெட்டிக்கடையில் பிள்ளைகளுக்கு விற்றுப் பிடிபட்டவர்களின் செய்தி நாட்டில் எத்தனை தரம் வந்துவிட்டது. இனிப்பாக, உருண்டையாக, மூலிகை என்ற பெயரோடு வந்தால் தாய்க்குக்கூடச் சந்தேகம் வராது. கனடாவின் கடுமையான கடைகளிலேயே குழந்தைக்கு எட்டியது என்றால், எங்கள் பெட்டிக்கடைகளில் என்ன நடக்கும் என்று நான் ஊகிக்க வேண்டியதே இல்லை.

தாய்லாந்து இன்னும் நெருக்கமான பாடம். 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எப்படி விற்பது, யாருக்கு விற்பது என்று முழுமையான சட்டம் வருவதற்கு முன்பே எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவரின் துண்டில்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பவும் இறுக்கினார்கள். எங்கள் நாட்டிலும் 2022 நெருக்கடிக்குப் பிறகு டொலருக்காக ஏற்றுமதிக் கஞ்சா வளர்க்கலாம் என்ற பேச்சு பாராளுமன்றம் வரை போனது. தெற்கே அம்பாறையைத் தாண்டினால் மொனராகலைக் காட்டுக்குள் கள்ளச் சேனைக் கஞ்சாவையே பிடித்து முடிக்க முடியாத நாட்டில், வேலி போட்டு வளர்த்து ஒரு இலை வெளியே போகாமல் கப்பலில் ஏற்றுவோம் என்கிறார்கள். பதின்ம வயதில் நிறையக் கஞ்சா பாவிப்பவர்களுக்குப் பிறகு மனநோய் வரும் ஆபத்துக் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டொலர் வருகிற கணக்கில் அந்தப் பிள்ளைகள் எந்த நிரலில் வருகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதை வாசித்தால், இவர் முற்றத்துப் பெரியவர்களின் பக்கம்தான் என்று தோன்றும். நானும் அப்படியே நின்றிருக்கலாம். ஆனால் ஒரு நாள் மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தா.

நித்திரைக் குளிசை

மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம். அந்த அம்மா வந்து, ஆள் போகட்டும் என்பதுபோல் ஓரமாக நின்றா. ஆள் யாரும் இல்லை என்று சொன்ன பிறகுதான் கவுண்டருக்கு வந்தா. "மனே, நித்திரைக் குளிசை ரெண்டு தாங்க." யாருக்கு என்றேன். தனக்கு என்றா. துண்டில்லாமல் தரேலாது அம்மா, என்ன செய்யுது என்று கேட்டேன். அப்படியே கண்ணால் ஓடத் தொடங்கிவிட்டது. குளிசை மகனுக்கு. பதினாறு வயது, ஓஎல் (சாதாரண தரம்) எழுதிவிட்டு நிற்கிறான். நாலைந்து இரவாகக் கண் மூடவில்லை, சாப்பாடு இல்லை, கூரைக்கு மேல் ஆள் நிற்குது என்கிறான், கதவுக்குப் பின்னால் கத்தியோடு இருக்கிறான். ரியூசன் கூட்டத்தில் கப்சூலில் தொடங்கியிருக்கிறான். பரீட்சை முடிந்து நெல் வெட்டுற மெசினோடு உதவிக்குப் போன இடத்தில், இரவு முழுக்க முழித்திருக்கலாம் என்று ஒருவன் ஐஸைக் கொடுத்திருக்கிறான். முதல் தரம் காசு வாங்கவில்லை. பிறகு கடன். கடனை அடைக்க இவனையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறான்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லையா அம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது. "ஆஸ்பத்திரிக்குள்ளேயே பொலிஸ் இருக்கு மனே. புள்ளையக் கொண்டு போய் நானே புடிச்சுக் குடுக்கவா? கந்தக்காட்டுக்கு ஏத்திருவாங்க. என்ட தம்பிய அங்கதான் வச்சிருந்தவங்க."

அந்தக் கடைசி வசனத்தை இந்த மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கந்தக்காடு வெலிக்கந்தைப் பக்கம், எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் பொலன்னறுவையில் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு இயக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் புனர்வாழ்வு என்று வைத்திருந்த இடங்களில் அதுவும் ஒன்று. இன்று போதைக்கு அடிமையானவர்களை அனுப்புகிற முகாம். 2022 ஜூனில் உள்ளே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடியது அங்கேதான். தம்பியை வைத்திருந்த இடத்துக்கு மகனையும் அனுப்புவதா என்று ஒரு படுவான்கரைத் தாய் யோசிப்பதை, அறியாமை என்று யார் சொல்ல முடியும்? ஆகவே அவ ஆஸ்பத்திரியைத் தாண்டி என்னிடம் வந்திருந்தா. நான் கொடுக்காவிட்டால் கொடுக்கிற கடைக்குப் போவா. ஐஸ் இறங்குகிற உடம்புக்கு அளவு தெரியாமல் நித்திரைக் குளிசை போட்டால் என்ன நடக்கும் என்று அந்தக் கடையில் யாரும் சொல்லப்போவதில்லை.

குளிசை கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த மனநல டொக்டர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். கடையைப் பூட்டிவிட்டு ஓட்டோவில் அந்த அம்மாவோடு போனேன். பையனைக் கிளினிக்கின் பின்வாசலால் கொண்டுவரச் சொன்னார் டொக்டர். அவர் பொலிஸைக் கூப்பிடவில்லை. கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார். அந்தப் பையனுக்கு அன்றைக்கு வைத்தியம் கிடைத்ததற்குக் காரணம், ஒரு பாமசிக்காரனுக்கு ஒரு டொக்டரைத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எந்தச் சட்டமும் அதற்கு வழி விடவில்லை. வழி மறித்துக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து நான் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். சட்டமாக்கு என்று ஒரு பக்கமும், கூடாது என்று மறுபக்கமும் சத்தம் போடும்போது, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயத்தை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். பாவித்தவனைத் தண்டிக்காமல் விடுவது ஒன்று. விற்பனையைத் திறந்து விடுவது வேறொன்று. முதலாவதை நான் முழு மனதோடு கேட்கிறேன். இரண்டாவதை, என் கவுண்டரில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில், எதிர்க்கிறேன்.

தண்டனையால் திருத்தலாம் என்பதை இந்த நாடு பார்க்காமல் இல்லை. நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. 1984இல் திருத்தி, இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றார்கள். 2022இல் ஐஸைச் சேர்த்து ஐந்து கிராமுக்கு அதே தண்டனை என்றார்கள். தூக்கு என்னவோ 1976க்குப் பிறகு யாருக்கும் நிறைவேற்றப்படவில்லை. ஆனால் 1984இல் பிறந்த பிள்ளைக்கு இன்று ஓஎல் படிக்கிற பிள்ளை இருக்கலாம், ஹெரோயின் தூளும் ஐஸும் குறைந்ததாக யாராவது சொல்வார்களா? 2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' என்ற பெயரில் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே 29,000க்கும் மேற்பட்டவர்கள் கைதானதாகச் சொல்லி ஐநாவின் மனித உரிமை நிபுணர்கள் கவலை தெரிவித்தார்கள். எங்கள் ஊரிலும் பிடித்தார்கள். பிடிபட்டவர்கள் எல்லோரையும் ஊருக்குத் தெரியும். சரக்கு இறக்குகிறவன் என்று ஊர் சொல்கிற ஒருவனும் அதில் இல்லை. விலை ஏறியது. விலை ஏறியதால் கடன் ஏறியது, கடன் ஏறியதால் இன்னும் சின்னப் பையன்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்தார்கள்.

போர்த்துக்கல் 2001இல் செய்ததை எல்லோரும் சட்டமாக்கல் என்றே நினைக்கிறார்கள். அங்கே விற்பது இன்றும் குற்றம். பத்து நாள் பாவனைக்குரிய அளவுக்குள் வைத்திருந்தால் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சட்டம் தெரிந்தவர், சுகாதாரம் தெரிந்தவர், சமூக சேவை தெரிந்தவர். உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்கிற குழு. கூடவே வைத்தியத்துக்குக் காசையும் ஆட்களையும் ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2021இல் தண்டனையை உடனே எடுத்தது, வைத்தியத்துக்குக் காசும் ஒதுக்கியது. ஆனால் அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. 2024இல் வைத்திருப்பதைத் திரும்பவும் குற்றமாக்கிவிட்டார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், போர்த்துக்கல்லைப் பார் என்று மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொன்றும் உண்டு. போர்த்துக்கல்லின் பிரச்சினை ஹெரோயின். ஹெரோயினுக்குப் பதிலாக மெதடோன் கொடுத்து ஒருவனை நிலைக்குக் கொண்டுவரலாம். ஐஸுக்கு அப்படி மாற்று மருந்து இன்னும் கிடையாது. பேச்சும், குடும்பமும், நித்திரையும், சாப்பாடும், மாதக்கணக்கில் கூட நிற்கிற ஒரு ஆளும்தான் வைத்தியம். முகாமில் வரிசையில் நிறுத்தி ஓட வைப்பதால் அது வராது.

எங்களிடம் சட்டமே இல்லை என்றும் இல்லை. போதைப்பொருளில் தங்கியிருப்பவர்களுக்கு வைத்தியமும் புனர்வாழ்வும் என்று 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இலிருந்து இருக்கிறது. இல்லாதது, ஒரு தாய் பயமில்லாமல் போய்ச் சேரக்கூடிய ஒரு அறை. மட்டக்களப்பில் சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் மனநல வைத்தியத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன அனுபவம் இருக்கிறது. தற்கொலை முயற்சி செய்த பெண்ணின் வீட்டுக்குச் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்து கதைக்கிற உத்தியோகத்தர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐஸ் பாவித்த பதினாறு வயதுக்காரன் வீட்டுக்கும் அவர்கள் அப்படிப் போகலாம், அவனைக் காப்பாற்றப் போவது குற்றவாளியை ஒளிப்பதாகாது என்று யாராவது எழுத்தில் கொடுத்தால். கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடிப் பக்கம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதில் இறங்கியிருக்கின்றன. எங்கள் பக்கம் கோயில் நிர்வாகங்கள் இன்னும் சடங்குக் கணக்கோடு நிற்கின்றன, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் தொழிலுக்குள் செய்யக்கூடியதைத் தொடங்கியிருக்கிறோம். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனை வரை சில பாமசிக்காரர்கள், தமிழரும் முஸ்லிம்களும், ஒரு குழு வைத்துக்கொண்டோம். போட்டோத் துண்டுக்குப் பிரிகாபலின் கொடுப்பதில்லை. சந்தேகமான துண்டு வந்தால் நோயாளியின் பெயரை மறைத்து மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவது. சிலர் சேர மாட்டேன் என்றார்கள், வியாபாரம் போய்விடும் என்று. போகத்தான் செய்கிறது. மருதமுனையில் கடை வைத்திருக்கிற ஒரு காக்கா, "தம்பி, நாம குடுக்காட்டியும் அவன் ஐஸுக்குப் போவான்தானே" என்று கேட்டார். போகலாம். ஆனால் அந்த மண்டூர்ப் பையன் போன வழியில் முதல் படி ஒரு பாமசியில்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் குழுவில் சேர்ந்தார்.

பையன் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறான். இரண்டு தரம் திரும்பவும் விழுந்தான், டொக்டர் அதை எதிர்பார்த்ததாகவே எடுத்துக்கொண்டார். ஓஎல்லில் கணிதம் விட்டுப்போயிருக்கிறது. திரும்ப எழுதப் பாடசாலையில் இருந்து படிக்கக் கேட்டபோது, மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சேர்க்கவில்லை. அந்த அம்மாவோடு போய் வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம், டொக்டரின் கடிதத்தையும் இணைத்து. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கிழமை திரும்பப் போகிறோம், இந்த முறை பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஒருவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோயில் தலைவரையும் கேட்டிருக்கிறேன்.